ஏரிக்கரையில் ஒரு கல்வியாண்டு: வளரிளம் பருவத்தினரோடு சுற்றுச்சூழல் களப்பணி, அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தேசிய பசுமைப் படை, நாட்டு நலப்பணித் திட்டம், சாரணர், இளஞ்செஞ்சிலுவை என்று எந்தப் பெயரில் நடந்தாலும், 13 முதல் 17 வயது வரையுள்ள பிள்ளைகளை வெளியே கூட்டிப்போய் வேலை செய்ய வைக்கும் ஆசிரியர்களும் ஊர்த் தன்னார்வலர்களும் திரும்பத் திரும்பக் கேட்கிற கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறோம். தமிழ்நாட்டில் ஏறக்குறைய எல்லாப் பள்ளிக்கும் பக்கத்தில் ஒரு குளமோ ஏரியோ கண்மாயோ இருப்பதால், பதில்கள் அதைச் சுற்றியே அமைந்திருக்கின்றன.

எங்கிருந்து தொடங்குவது? முதலில் என்ன வேலை எடுப்பது?

வேலையை யோசிக்கும் முன் இடத்தை முடிவு செய்யுங்கள். பள்ளியிலிருந்து 20 நிமிடத்தில் நடந்து சேரக்கூடிய இடமாக இருக்க வேண்டும். பேருந்து பிடித்துப் போகிற இடம் எவ்வளவு அழகானதாக இருந்தாலும் வருடத்துக்கு இரண்டு தடவைதான் போக முடியும். நடந்து போகிற இடத்துக்கு இருபது தடவை போகலாம். அந்த இருபது தடவையில்தான் பிள்ளைகளுக்கு அந்த இடம் சொந்தமாகிறது. ஒரே நாளில் ஐந்து ஊர்களில் ஆயிரம் கன்று நட்ட குழுவைவிட, ஒரே கண்மாயை ஒரு வருடம் சுற்றி வந்த குழுவுக்கு அதிகம் தெரியும். அந்தக் குழு வைத்த மரமும் அதிகம் பிழைக்கும்.

முதல் இரண்டு முறை போகும்போது எந்த வேலையும் வேண்டாம். கரையைச் சுற்றி நடந்து கையால் ஒரு படம் வரையச் சொல்லுங்கள். மடை (பாசனத்துக்குத் தண்ணீர் திறக்கும் வாய்) எத்தனை, கலுங்கு (ஏரி நிரம்பினால் உபரி நீர் வழியும் இடம்) எந்தப் பக்கம், வரத்துக்கால் (ஏரிக்குத் தண்ணீர் கொண்டுவரும் கால்வாய்) எங்கிருந்து வருகிறது, எங்கே தூர்ந்திருக்கிறது, மாடு எங்கே இறங்குகிறது, குப்பை எங்கே விழுகிறது, எந்த மரத்தில் கூடு இருக்கிறது, இவ்வளவும் படத்தில் வர வேண்டும். தண்ணீர் திறந்துவிட்ட பழக்கமுள்ள பெரியவர் ஊரில் யாராவது இருப்பார். சில ஊரில் அவரை நீர்க்கட்டி என்பார்கள், சில ஊரில் மடையர், சில ஊரில் நீர்பாய்ச்சி. அவரை ஒரு காலை உடன் நடக்கக் கூப்பிடுங்கள். கடைசியாகக் கலுங்கு பாய்ந்தது எந்த வருடம், எந்த மடை முதலில் திறக்கும், வண்டல் எப்போது அள்ளினார்கள் என்பது போன்ற கேள்விகளைப் பிள்ளைகள் முன்கூட்டியே எழுதி வைத்துக்கொண்டு அவர்களே கேட்கட்டும். ஆசிரியர் நடுவில் புகுந்து விளக்கம் சொல்லத் தொடங்கினால் பெரியவர் பேச்சை நிறுத்திவிடுவார்.

யாரிடம் அனுமதி வாங்க வேண்டும்?

தலைமையாசிரியர் வழியாகக் கல்வித் துறைக்குத் தகவல் போக வேண்டும். ஒவ்வொரு பிள்ளைக்கும் பெற்றோரின் கையெழுத்து வேண்டும். நீர்நிலை யார் பொறுப்பில் இருக்கிறது என்பதையும் விசாரியுங்கள். பெரிய ஏரி, கண்மாய் என்றால் பெரும்பாலும் நீர்வளத் துறை, சிறியவை என்றால் ஊராட்சி அல்லது ஊராட்சி ஒன்றியம். காப்புக்காடோ சரணாலயமோ என்றால் வனத் துறையின் எழுத்து அனுமதி இல்லாமல் உள்ளே கால் வைக்கக் கூடாது.

பெற்றோர் படிவத்தில் வெறும் சம்மதத்தோடு நிறுத்திவிடாதீர்கள். ஆஸ்துமா, வலிப்பு, ஒவ்வாமை உண்டா, தினமும் சாப்பிடும் மருந்து என்ன, கடைசியாக டெட்டனஸ் ஊசி போட்டது எப்போது, அவசரத்துக்கு இரண்டு தொலைபேசி எண்கள் என்று எல்லாவற்றையும் கேளுங்கள். அந்தப் படிவங்களின் நகல் களத்தில் உங்கள் பையில் இருக்க வேண்டும். பள்ளி அலமாரியில் பூட்டி வைத்த படிவம் அவசரத்துக்கு உதவாது.

எத்தனை பேரைக் கூட்டிப்போகலாம்?

25 பேர். அதற்கு மேல் போனால் கடைசியில் நடப்பவர் என்ன செய்கிறார் என்று முன்னால் நடப்பவருக்குத் தெரியாது. பத்துப் பேருக்கு ஒரு பெரியவர் வேண்டும். தண்ணீர் நிறைந்திருக்கும் காலத்தில் ஐந்து பேருக்கு ஒருவர். பெண் பிள்ளைகள் இருந்தால் ஆசிரியை ஒருவர் கட்டாயம். எந்தப் பெரியவரும் ஒரு பிள்ளையோடு மட்டும் தனியாக எங்கும் போகக் கூடாது என்ற விதியை முதல் நாளே எல்லார் முன்னிலையிலும் சொல்லிவிடுங்கள். 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணை எல்லாரும் குறித்துக்கொள்ளட்டும்.

25 பேரை ஐந்து ஐந்தாகப் பிரியுங்கள். ஒவ்வொரு குழுவிலும் எட்டாம் வகுப்புப் பிள்ளையும் இருக்கட்டும், பதினொன்றாம் வகுப்புப் பிள்ளையும் இருக்கட்டும். நண்பர்கள் ஒரே குழுவாகச் சேர்ந்தால் பேச்சுதான் நடக்கும், முழுக்கப் பிரித்தால் மறுவாரம் வர மாட்டார்கள். ஒவ்வொருவருக்கும் ஒரே ஒரு நண்பர் கூட இருக்கும்படி பிரிப்பது நல்லது.

ஒரு நாள் வேலையை எப்படி வகுப்பது?

காலை 6.30 முதல் 9.30 வரை, மூன்று மணி நேரம். அதற்கு மேல் வெயிலும் பசியும் சேர்ந்துவிடும். முதல் 15 நிமிடம் தலை எண்ணிக்கை, இன்றைய வேலை, ஆபத்துகள். அடுத்த 20 நிமிடம் எதையாவது கவனிப்பது. பிறகு ஒன்றரை மணி நேரம் உடல் உழைப்பு, நடுவில் தண்ணீருக்கு இரண்டு இடைவேளை. கடைசி அரை மணியில் கருவிகளைக் கழுவி எண்ணி, கை கால் கழுவி, சுண்டலோ வேர்க்கடலையோ சாப்பிட்டு, குறிப்பேட்டில் எழுதுவது.

அந்தக் கடைசி அரை மணியை வெட்டிவிடத்தான் எல்லாருக்கும் தோன்றும், வெட்டாதீர்கள். நோட்டில் பெரிய கட்டுரை எதுவும் வேண்டாம். தேதி, மழை பெய்ததா, எத்தனை குழி, புதிதாகப் பார்த்தது ஒன்று, புரியாதது ஒன்று, இந்த ஐந்து வரி போதும். "புரியாதது" வரியிலிருந்துதான் அடுத்த வாரத்துக்கான பாடம் கிடைக்கும்.

பனை விதை நடவு எப்போது, எப்படி?

பனை தமிழ்நாட்டின் மாநில மரம். பிள்ளைகள் செய்யக்கூடிய வேலைகளில் செலவு குறைந்ததும் இதுதான். ஆவணி, புரட்டாசியில் பழம் விழும். அப்போது பொறுக்கி, வடகிழக்குப் பருவமழை பிடிக்கும் முன், அதாவது செப்டம்பர் கடைசியிலிருந்து அக்டோபர் நடுப்பகுதிக்குள் நட்டுவிட வேண்டும். கார்த்திகையில் நட்டால் மழையின் பெரும்பகுதி போயிருக்கும்.

பொறுக்கும் நாளில் மரத்தடியில் யாரும் உட்காரக் கூடாது. பழமும் காய்ந்த மட்டையும் சொல்லிவிட்டு விழாது. விழுந்து கிடக்கும் பழங்களைச் சாக்கில் எடுத்துக்கொண்டு உடனே நிழலுக்கு வந்துவிட வேண்டும். ஒரு பழத்தில் பெரும்பாலும் இரண்டு அல்லது மூன்று கொட்டை இருக்கும். எனவே 200 கொட்டைக்கு 80 முதல் 100 பழம் தேவை. வண்டு துளைத்தது, எடை குறைந்து சக்கையாக இருப்பது எல்லாவற்றையும் ஒதுக்குங்கள்.

நடும் நாளில் ஒரு குழுவுக்கு ஒரு கடப்பாரை, இரண்டு மண்வெட்டி, ஒரு பாண்டுச் சட்டி, 10 அடிக்கு ஒரு முடிச்சுப் போட்ட 50 அடிக் கயிறு, 40 கொட்டை கொடுங்கள். கயிற்றைக் கரையோரம் நீட்டி முடிச்சுக்கு முடிச்சு ஒரு அடி ஆழத்தில் குழி தோண்ட வேண்டும். அடியில் உள்ள மண்ணையும் கொத்திவிடுங்கள், ஏனென்றால் பனையின் முளை முதலில் கீழ்நோக்கித்தான் போகும். கொட்டையை வைத்து மூடி, காலால் மிதித்துவிட்டால் வேலை முடிந்தது. ஐந்து குழுக்கள் ஒரு காலையில் 200 கொட்டை நடலாம். அது 2,000 அடி, அதாவது சுமார் 600 மீட்டர் கரை. முதல் தடவை இந்த அளவுக்கு மேல் திட்டமிடாதீர்கள். கொட்டை மீந்து போகிறதே என்ற அவசரத்தில் கடைசி ஐம்பதும் நான்கு விரல் ஆழத்திலேயே போய்விடும்.

எங்கே நடக் கூடாது என்பதைப் பிள்ளைகள் மனப்பாடமாகச் சொல்ல வேண்டும். மின்கம்பிக்குக் கீழே, கரையின் நடுவில் வண்டி போகும் தடத்தில், மடைக்கும் கலுங்குக்கும் அருகில், ஏரியின் உள்வாயில் (தண்ணீர் தேங்கும் பகுதியில்), பட்டா நிலத்து வரப்பில் நடக் கூடாது. மடை, கலுங்கை ஒட்டி 30 அடியாவது விட்டுவிடுங்கள். பின்னால் பழுது பார்க்க இயந்திரம் வந்தால் முதலில் போவது அந்தக் கன்றுகள்தான்.

கடப்பாரை 15 வயதுக்கு மேற்பட்டவர்கள் கையில் மட்டும் இருக்கட்டும். மண்வெட்டி வீசுபவருக்கும் அடுத்தவருக்கும் இடையே ஆறடி இடைவெளி வேண்டும். அரிவாள் யாருக்கும் கிடையாது.

நட்டு ஆறு மாதம் ஆகிறது. ஒன்றுமே முளைக்கவில்லையே?

முளைத்திருக்கும், உங்கள் கண்ணுக்குத் தெரியவில்லை. பனைநடவில் பிள்ளைகள் மனம் விட்டுப்போவது இங்கேதான். கொட்டையிலிருந்து தடித்த முளை ஒன்று நேராகப் பூமிக்குள் இறங்கி, அதன் நுனியில் கிழங்கு கட்டுகிறது. பொங்கலுக்கு நாம் அவித்துத் தின்கிற பனங்கிழங்கு அதுதான். மேலே இலை தலைகாட்டப் பல மாதம் ஆகும். சந்தேகப்பட்டுத் தோண்டிப் பார்த்தால் முளை ஒடிந்துபோகும். இந்தக் கட்டத்தில் பனையைப் பிடுங்கி வேறு இடத்தில் வைப்பதும் அதே காரணத்தால்தான் தோற்கிறது.

இதற்கு ஒரு நல்ல வழி உண்டு. நடவு நடக்கும் அதே வாரத்தில் பள்ளி வளாகத்தில் ஒரு மூலையில் மண்ணைக் குவித்துப் பத்துக் கொட்டைகளைப் புதையுங்கள். இருபது நாளுக்கு ஒருமுறை ஒன்றைத் தோண்டி எடுத்து, முளையின் நீளத்தை அளந்து, கொட்டையை வெட்டி உள்ளே இருக்கும் பஞ்சு போன்ற வெள்ளைச் சதையான பூரானைப் பார்த்து, படம் வரைந்து ஒட்டட்டும். பூரானைத் தவுண் என்று சொல்லும் ஊரும் உண்டு, அதைத் தின்னவும் செய்யலாம். தை மாதத்தில் மீதியைக் கிழங்காகவே எடுத்துவிடலாம். கரையில் மண்ணுக்கடியில் என்ன நடக்கிறது என்று பிறகு யாரும் விளக்க வேண்டியதில்லை.

குழிகளுக்குப் பெயர்ப்பலகை வைக்காதீர்கள். நோட்டில் "பெரிய மடையிலிருந்து கிழக்கே 14-வது குழி" என்று எண் போட்டு வைத்தால் கயிற்றைப் பிடித்துக்கொண்டு எந்த வருடமும் கண்டுபிடித்துவிடலாம். பலகை வைத்தால் கிழங்கு எங்கே இருக்கிறது என்று ஊருக்கே காட்டிக்கொடுத்த மாதிரி ஆகிவிடும்.

பனை மட்டும்தானா? மரக்கன்று நடக் கூடாதா?

நடலாம், ஆனால் முதல் இரண்டு கோடையைக் கடத்திவிட உங்களால் முடியும் என்ற எண்ணிக்கையில் மட்டும். 25 பேர் கொண்ட குழுவுக்கு 25 கன்றே அதிகம். ஒன்றரை அடிக் குழி, இடுப்பு உயரத்துக்குக் குறையாத கன்று, ஆடு எட்டாத அளவுக்கு முள்வேலியோ மூங்கில் கூண்டோ, மாசியிலிருந்து ஆனி வரை வாரம் ஒரு குடம் தண்ணீர். இதில் ஒன்று இல்லையென்றாலும் நடவு விழாப் புகைப்படம் மட்டும்தான் மிஞ்சும். நீரோரத்துக்கு நீர்மருது, புங்கன், நாவல். சற்று மேட்டில் இலுப்பை, வேம்பு, பூவரசு. பிளாஸ்டிக் பையைக் கிழித்து எடுத்த பிறகுதான் கன்றைக் குழியில் வைக்க வேண்டும். பையோடு வைத்துவிடுவது நீங்கள் நினைப்பதைவிட அடிக்கடி நடக்கிறது.

வெறுமையாகக் கிடக்கிறதே என்று புல்வெளியில் மரம் வைக்காதீர்கள். மேய்ச்சல் நிலமும், வானம்பாடி தரையில் முட்டையிடும் புல்தரையும் மரமில்லாமல் இருக்க வேண்டிய இடங்கள்.

சீமைக்கருவேலத்தைப் பிள்ளைகளை வைத்து அகற்றலாமா?

நாற்றுகளை அகற்றலாம். மரங்களை வேண்டாம். அயல் ஊடுருவல் தாவரங்களை அகற்ற 2022-ல் தமிழ்நாடு அரசு தனிக் கொள்கையே வெளியிட்டது. அந்தப் பட்டியலில் முக்கியமானது இது. ஆனால் வளர்ந்த மரத்தை வெட்டினால் அடிக்கட்டையிலிருந்து நான்கு கிளையாகத் தழையும். வேரோடு எடுக்க இயந்திரம் வேண்டும். விறகை ஏலம் விடும் கணக்கு வழக்கும் உண்டு. அதற்குள் பிள்ளைகளை இழுக்காதீர்கள்.

நல்ல மழை பெய்த மறுநாள் மண் இளகியிருக்கும். அப்போது முழங்காலுக்குக் கீழே உயரமும் பென்சில் தடிமனும் உள்ள நாற்றுகள் கையோடு வேர் வரை வந்துவிடும். காய்ந்த மண்ணில் இழுத்தால் தண்டு மட்டும் அறுந்து, அடுத்த மாதம் அதே இடத்தில் தழைத்து நிற்கும். தடித்த தோல் கையுறையும் கெட்டியான அடிப்பகுதி உள்ள ஷூவும் இல்லாதவரை இந்த வேலையில் சேர்க்காதீர்கள். ரப்பர் செருப்பை இந்த முள் சாதாரணமாகத் துளைத்துவிடும். உள்ளே ஒடிந்த முள் தங்கினால் வீங்கிச் சீழ் வைக்கும், மருத்துவரிடம் காட்டியே எடுக்க வேண்டும்.

அதைவிடப் பெரிய ஆபத்து, வேறு மரத்தைப் பிடுங்கிவிடுவது. வன்னி சீமைக்கருவேலத்தின் நெருங்கிய உறவு, பல கோயில்களில் தலமரம். சீமைக்கருவேலத்தில் முள் கணுவில் இரட்டையாக இருக்கும், வன்னியில் கணுக்களுக்கு இடையே சின்னக் கூம்பு போல இருக்கும். நாட்டுக் கருவேலத்தின் பூ மஞ்சள் உருண்டை, காய் மணிமணியாகக் கோத்தது போல. சீமையின் பூ நீண்ட கதிர், காய் மஞ்சளாக நீளும். மூன்று மரத்தின் கிளையையும் வகுப்பில் வைத்துக் கண்டுபிடிக்கச் சொல்லி, பிழையில்லாமல் சொல்பவர்களை மட்டும் களத்தில் இறக்குங்கள். கொக்கும் நாரையும் கூடு கட்டியிருக்கும் சீமைக்கருவேலத்தை அந்தப் பருவத்தில் யாரும் தொடக் கூடாது. ஏரிக்குள் வேறு மரமில்லாத இடங்களில் அவற்றுக்கு அதுதான் வீடு.

குப்பை அள்ளும் நாளில் கவனிக்க வேண்டியவை?

அள்ளிய குப்பை எங்கே போகும் என்பது தெரியாமல் தொடங்காதீர்கள். ஊராட்சித் தூய்மைக் காவலர்களிடம் முன்கூட்டியே பேசி, வண்டி எத்தனை மணிக்கு வரும் என்று உறுதி செய்துகொள்ளுங்கள். வண்டி வராமல் கரையில் அடுக்கிய சாக்குகளை நாய் கிழித்து, அடுத்த மழையில் எல்லாம் மறுபடியும் ஏரிக்குள் போன கதை ஊருக்கு ஊர் உண்டு. எரிப்பது கூடவே கூடாது.

ஊசி, உடைந்த கண்ணாடி, மருத்துவக் கழிவு, டயாபர், செத்த விலங்கு எதையும் பிள்ளைகள் தொடக் கூடாது. பார்த்தால் ஒரு குச்சியில் சிவப்புத் துணி கட்டி நட்டுவிட்டு நகர வேண்டும். சாக்கடைக்குள் இறங்கக் கூடாது. காலில் புண் உள்ளவர் தேங்கிய நீரில் நிற்கக் கூடாது, எலிக்காய்ச்சல் அப்படித்தான் தொற்றுகிறது. சாக்குகளைத் தொங்கு தராசில் நிறுத்து, மதுப்பாட்டில், பால் கவர், தின்பண்ட உறை, ஒருமுறை பயன்படுத்தும் தட்டு டம்ளர் என்று பிரித்து எழுதுங்கள். 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் தடை செய்யப்பட்ட பொருள்கள் எத்தனை கிடைத்தன என்பதைத் தனியாக எண்ணுங்கள். அந்தக் கணக்கைக் கிராம சபையில் ஒரு மாணவி எழுந்து வாசித்தால், அள்ளிய வேலையைவிட அதற்குப் பலன் அதிகம்.

பறவை தெரியாத ஆசிரியர் பறவைக் கணக்கெடுப்பு நடத்தலாமா?

நடத்தலாம். ஜனவரியில் பொங்கலையொட்டித் தமிழகம் முழுவதும் நடக்கும் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பில் யார் வேண்டுமானாலும் சேரலாம். ஒரே இடத்தில் குறைந்தது 15 நிமிடம் நின்று, பார்த்த எல்லா வகையையும் எண்ணிக்கையோடு எழுதி, பறவைப் பதிவுகளைத் திரட்டும் இபேர்டு (eBird) இணையதளத்தில் ஏற்ற வேண்டும். டிசம்பர் முதல் வாரத்தில் தொடங்கி வாரம் ஐந்து பறவை என்று பழகினால் பொங்கலுக்குள் இருபதுக்கு மேல் வந்துவிடும். நீர்க்காகம், பாம்புத்தாரா, முக்குளிப்பான், நத்தைகுத்தி நாரை, உண்ணிக்கொக்கு, நாமக்கோழி, தாழைக்கோழி, தாமரை இலைக்கோழி, உள்ளான், மீன்கொத்திகள் என்று தொடங்கலாம். நான்கு பேருக்கு ஒரு இருநோக்கி (பைனாகுலர்) போதும். 8x40 அளவு வாங்குங்கள். அதைவிடப் பெரிதாகக் காட்டுவது கைநடுக்கத்தையும் சேர்த்துக் காட்டும்.

பெயர் தெரியாத பறவையை "தெரியாத கொக்கு 1" என்று எழுதி அளவு, அலகின் நிறம், காலின் நிறம் குறித்துக்கொள்ளச் சொல்லுங்கள். ஊகித்துப் பெயர் எழுதும் பழக்கம் ஒருமுறை ஒட்டிவிட்டால் பிறகு கழற்றுவது கடினம்.

தண்ணீரை எப்படி அளப்பது? விலையுயர்ந்த கருவி வேண்டுமா?

மழைமானி ஒன்று போதும், அதுவும் இரண்டு லிட்டர் பாட்டிலில் நீங்களே செய்ததாக இருக்கலாம். மேல் பகுதியை வெட்டிக் கவிழ்த்துப் புனலாகச் செருகி, அடியில் மேடுபள்ளம் மறையும்வரை கூழாங்கல்லும் தண்ணீரும் நிரப்பி, அந்த மட்டத்தைப் பூஜ்யமாக வைத்து அளவுகோலை ஒட்டுங்கள். பக்கங்கள் நேராக உள்ள பாட்டில்தான் வேண்டும், இடுப்பு ஒடுங்கியது தவறாகக் காட்டும். மரத்தடியிலோ சுவரோரத்திலோ வைக்காதீர்கள். வானிலைத் துறை போலவே தினமும் காலை 8.30-க்குப் படிக்கட்டும்.

பிறகு கணக்குப் போடுங்கள். 1 மி.மீ. மழை என்றால் ஒரு சதுர மீட்டருக்கு 1 லிட்டர். 10 ஹெக்டேர் ஏரியின் மேல் 50 மி.மீ. பெய்தால் நேரடியாக விழுவது மட்டுமே 50 லட்சம் லிட்டர். அப்படியும் ஏரி நிரம்பவில்லை என்றால் வரத்துக்காலில் என்ன ஆயிற்று என்ற கேள்வி தானாக எழும். அன்றைக்கே அந்தக் காலின் வழியே மேலே நடந்து போய்ப் பாருங்கள்.

பாதுகாப்பில் எதற்கு முதல் இடம்?

தண்ணீருக்கு. பாம்பைப் பற்றி எல்லாரும் கேட்பார்கள், ஆனால் பள்ளிப் பிள்ளைகளைப் பறிகொடுப்பது பெரும்பாலும் நீரில்தான். மண் எடுத்த ஏரியில் முழங்கால் ஆழத்துக்கு அடுத்த அடியிலேயே பத்தடிப் பள்ளம் இருக்கும், மேலிருந்து பார்த்தால் தெரியாது. கை கழுவக்கூடத் தண்ணீரில் இறங்காமல் வாளியில் எடுத்துத்தான் கழுவ வேண்டும். நீச்சல் தெரியும் என்று சொல்பவருக்கும் இதுவே விதி. 50 அடிக் கயிறும், காற்றடைத்து மூடிய ஐந்து லிட்டர் கேன் ஒன்றும் எப்போதும் கரையில் இருக்கட்டும். தவறி விழுந்தவருக்கு அதை வீச வேண்டும், பின்னால் யாரும் குதிக்கக் கூடாது.

பாம்பு கடித்தால் கட்டுப் போடுவது, கீறுவது, உறிஞ்சுவது மூன்றும் கூடாது. கொலுசு, வளையல், மோதிரத்தைக் கழற்றி, கடித்த கையையோ காலையோ பலகை வைத்து அசையாமல் செய்து, நேரத்தைக் குறித்துக்கொண்டு 108-ஐ அழையுங்கள். விஷமுறிவு மருந்து பக்கத்தில் எந்த அரசு மருத்துவமனையில் இருக்கிறது என்பதை முகாமுக்கு முந்தைய வாரமே நேரில் போய்க் கேட்டு வையுங்கள். கட்டுவிரியன் கடித்தால் வலியே இல்லாமல் இருக்கலாம். அதனால் "ஏதோ சுருக்கென்றது" என்று ஒரு பிள்ளை சொன்னால் அலட்சியப்படுத்தாதீர்கள்.

மலைத்தேனீக் கூடோ, கதண்டு என்னும் பெரிய குளவியின் கூடோ உள்ள மரத்தை முதல் நாள் படத்திலேயே குறித்திருப்பீர்கள், அந்தப் பக்கம் வேலை வைக்காதீர்கள். கலைந்துவிட்டால் முகத்தை மூடிக்கொண்டு ஓடி, கட்டடத்துக்குள்ளோ வண்டிக்குள்ளோ போக வேண்டும். இடி கேட்டால் வேலையை நிறுத்தி, கடைசி இடிக்குப் பிறகு 30 நிமிடம் கட்டடத்துக்குள்ளேயே இருங்கள். பனைமரத்தடி ஒதுங்கும் இடமல்ல. ஒருவருக்கு மணிக்கு அரை லிட்டர் தண்ணீர். தலைசுற்றல் வந்தால் நிழலில் படுக்க வைத்து உப்புச் சர்க்கரைக் கரைசல் கொடுங்கள். அளவு, ஒரு லிட்டர் காய்ச்சி ஆறிய நீருக்கு ஆறு தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு. கரண்டியைத் தலைதட்டி அளக்க வேண்டும்.

புதரில் வேலை செய்துவிட்டு வந்த அடுத்த இரண்டு மூன்று வாரத்தில் காய்ச்சல் வந்தால், புதரில் இருந்ததை மருத்துவரிடம் சொல்லும்படி பெற்றோருக்குத் தகவல் அனுப்புங்கள். உண்ணிக் காய்ச்சலை அப்போதுதான் சீக்கிரம் கண்டுபிடிக்க முடியும்.

பெண் பிள்ளைகள் இரண்டாம் வாரத்தோடு நின்றுவிடுகிறார்களே?

கழிப்பறை எங்கே என்று பார்த்தீர்களா? பெரும்பாலும் விடை அங்கேதான் இருக்கிறது. ஏரிக்குப் பக்கத்தில் அங்கன்வாடி, ஊராட்சி அலுவலகம், தெரிந்த வீடு ஏதாவது ஒன்றைப் பேசி வைத்து, தொடங்கும் முன்பே இடத்தைச் சொல்லிவிடுங்கள். முதலுதவிப் பெட்டியோடு நாப்கினும் காகிதப் பையும் இருக்கட்டும். "இன்றைக்கு உட்கார்ந்து குறிப்பெடுக்கிறேன்" என்று யார் சொன்னாலும் காரணம் கேட்காமல் ஒப்புக்கொள்ளும் பழக்கத்தை ஆண், பெண் எல்லாருக்கும் பொதுவாக வையுங்கள். துப்பட்டாவைக் கட்டிக்கொண்டு மண்வெட்டி பிடிக்கிற பெண்ணிடமிருந்து அதை வாங்கிப் பையனிடம் கொடுக்கும் ஆசிரியர்கள் இன்னும் இருக்கிறார்கள். அதை நிறுத்தினாலே பாதிப் பேர் திரும்ப வருவார்கள்.

யாருக்கு எந்த வேலை என்று எப்படிப் பிரிப்பது?

சுழற்சியில், எழுதி ஒட்டிய பட்டியல்படி. குப்பை, கருவி கழுவுதல், சமையல், பரிமாறல், குறிப்பெழுதுதல், புகைப்படம் எல்லாம் எல்லாருக்கும் வர வேண்டும். பட்டியல் இல்லாமல் "யார் வருகிறீர்கள்" என்று கேட்டால், குப்பைச் சாக்கு எந்தத் தெருப் பிள்ளைகளின் கைக்குப் போகும், கேமரா யார் கைக்குப் போகும் என்பது ஊரில் எல்லாருக்கும் தெரியும். சாதி நம் களப்பணிக்குள் நுழைவது இந்த இடத்தில்தான். உங்கள் மௌனம் அதற்குச் சம்மதமாகிவிடும். குடிநீர்க் குடம் ஒன்று, பந்தி ஒன்று. ஆசிரியர்களும் அந்தப் பட்டியலில் பெயர் போட்டுக் குப்பை அள்ள வேண்டும். தாமதமாக வந்தவருக்குத் தண்டனையாக ஒரு வேலையைக் கொடுத்தால், அன்றோடு அந்த வேலைக்கு மதிப்புப் போய்விடும்.

ஆர்வமே காட்டாத பிள்ளையை என்ன செய்வது?

ஒன்றும் செய்யாதீர்கள், மூன்று வாரம் பொறுங்கள். கயிறு பிடிப்பது, மழைமானி படிப்பது, நேரம் குறிப்பது போல, அவர் இல்லாவிட்டால் வேலை நின்றுவிடும்படியான சின்னப் பொறுப்பு ஒன்றைக் கொடுங்கள். கைபேசியைப் பிடுங்கி வைப்பதைவிட, குழுவுக்கு ஒன்று என்று அனுமதித்து, மரம், பறவை, முட்டை, கால்தடம் எடுக்கச் சொல்வது நல்லது. மற்ற பிள்ளைகளின் முகம் வரும் படத்தைப் பெற்றோர் ஒப்புதலில்லாமல் எங்கும் பகிரக் கூடாது.

நாட்டு நலப்பணித் திட்டத்தின் ஏழு நாள் முகாம் மட்டும் போதாதா?

காந்தி நூற்றாண்டை ஒட்டி 1969 செப்டம்பர் 24 அன்று தொடங்கிய திட்டத்தில் சிறப்பு முகாம் ஒரு பகுதிதான், வருடம் முழுக்க உள்ள வழக்கமான பணி இன்னொரு பகுதி. முகாமை மட்டும் நடத்தினால் ஏழாம் நாள் மாலையோடு ஊர் பழையபடி ஆகிவிடும். ஏற்கெனவே வாரா வாரம் போகும் ஊரிலேயே முகாமை வையுங்கள். அப்போது ஏழு நாளில், வாரக் காலைகளில் முடியாத பெரிய வேலையை எடுக்கலாம். வரத்துக்காலை முழுக்க நடந்து அளப்பது, வீடு வீடாகக் கிணற்று நீர்மட்டம் கேட்டு எழுதுவது, இரவில் தவளைச் சத்தம் எண்ணுவது எல்லாம் அப்படிப்பட்டவை.

மலைக்கும் கடற்கரைக்கும் கூட்டிப்போகலாமா?

வருடத்துக்கு ஒருமுறை போகலாம். மாசி முதல் சித்திரை வரை காய்ந்த மலைப்புல்லுக்குள் பிள்ளைகளைக் கொண்டு போகாதீர்கள். 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணியில் காட்டுத்தீயில் சிக்கிய மலையேற்றக் குழுவில் 20-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். வனத் துறை அனுமதித்த பாதையில், வனத் துறை வழிகாட்டியோடு மட்டுமே போக வேண்டும்.

சென்னையில் கடலாமை நடை நல்ல அனுபவம். 1988 முதல் மாணவர் கடலாமைப் பாதுகாப்புக் குழுவினர் ஜனவரி தொடங்கி நடந்துவருகிறார்கள். இரவில் நீலாங்கரையிலிருந்து பெசன்ட் நகர் பக்கமாகச் சுமார் 7 கி.மீ. மணலில் நடை. பங்குனி ஆமை ஒரு குழியில் நூறுக்கு மேல் முட்டையிடும், குஞ்சு பொரிக்க 45 நாளுக்கு மேல் ஆகும். முட்டையை எடுத்துப் பொரிப்பகத்தில் வைப்பது அனுமதி பெற்றவர்களின் வேலை, உங்கள் பிள்ளைகள் பின்னால் நின்று பார்க்கலாம். கைவிளக்கும் கேமரா வெளிச்சமும் கூடாது. கரை விளக்குகளைக் கடலென்று எண்ணிக் குஞ்சுகள் எதிர்த்திசையில் போவதை அவர்கள் நேரில் பார்த்தால், தெருவிளக்கைப் பற்றிய பேச்சு அதுவாகவே தொடங்கும்.

தேர்வும் கோடை விடுமுறையும் வந்தால் எல்லாம் நின்றுவிடுகிறதே?

அதை ஜூன் மாதமே கணக்கில் எடுக்க வேண்டும். பத்து, பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் தை மாதத்தோடு விலகிக்கொள்வார்கள், அவர்களை நம்பி மார்ச் வேலை எதையும் வைக்காதீர்கள். ஜனவரி கடைசியில் கைமாற்றும் நாள் ஒன்று வையுங்கள். மூத்தவர்கள் இளையவர்களைக் கரை முழுக்க நடத்திக்கொண்டு போய், படம், நோட்டு, குழி எண்கள், கயிறு, மழைமானி எல்லாவற்றையும் ஒப்படைக்கட்டும்.

கோடைத் தண்ணீருக்குக் கன்றின் பக்கத்து வீட்டுப் பிள்ளையையே பொறுப்பாக்குங்கள், எட்டாம் வகுப்பானாலும் பரவாயில்லை. ஒருவருக்கு மூன்று கன்றுக்கு மேல் வேண்டாம். தண்ணீர் ஊற்ற ஏரியில் இறங்காமல், வீட்டுக் குழாயிலோ அடிபம்பிலோ பிடித்த குடம்தான் என்று பெற்றோரிடமும் சொல்லிவிடுங்கள். ஜூனில் பள்ளி திறந்த முதல் சனிக்கிழமை கயிற்றை எடுத்துக்கொண்டு போய்ப் பெரிய மடையிலிருந்து ஒன்று, இரண்டு என்று எண்ணத் தொடங்கலாம்.